நான்காவது திருகாணி

மூன்று திருகாணிகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்ட பின் நான்காவதன் முன்னால் ரத்தினவேல் சற்று நிற்பார். அறிவிப்புப் பலகை அந்நேரம் ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டு சரிந்து தொங்கும். அவர் திரும்பி, சுற்றிலும் யார் இருந்தாலும் அவர்களைப் பார்த்து, "ஆட்சேபணை ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்பார். இந்திக்காரர்களாயின் இந்தியில் கேட்பார். யாருமே இல்லாவிடில் வேப்பமரத்தடியில் படுத்திருக்கும் பழுப்பு நாயிடம் கேட்பார். மனத்துக்குள் பத்து எண்ணுவார். அதன் பிறகே திருப்புளி நான்காவது திருகாணியில் பொருந்தும்.

கழற்றிய திருகாணிகள் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன. பத்துப் பலகைகளுக்கு நாற்பது இருக்கவேண்டும், இருப்பவை முப்பத்தொன்பது. ஒன்று துருவேறி உடைந்துபோயிற்று. அந்த விவரமும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதப்பட்டு பாட்டிலுக்குள் இருக்கிறது.

மயூர் விகாரில் நான்கு மாடிகளும் மின்தூக்கியின்மையும் கொண்ட ஓர் அடுக்ககத்தில், ஏ-12ஆம் எண் வீட்டில் அவர் தனியாக வசிக்கிறார். வயது எழுபத்தேழு. கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர். மத்திய அரசின் உதவியாளர் தேர்வெழுதி 1971இல் தில்லிக்கு வந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருபத்தாறு ஆண்டுகள் குடியிருந்து, சார்புச் செயலராக ஓய்வுபெற்று, சேமிப்பையெல்லாம் போட்டு இந்த வீட்டை வாங்கினார். மனைவி பாப்பம்மாள் காலமாகி ஒன்பது ஆண்டுகளாகின்றன. மகள் கவிப்ரியா டொரன்டோவிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவாள். அரைமணி நேரப் பேச்சில் ஐந்து நிமிடம் பேரனுடையது; அவன் தமிழில் "தாத்தா, சாப்டீங்களா?" என்ற ஒன்றை மட்டும் அறிவான். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும்.

அரசாங்கம் குறைவாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. முப்பத்தேழு ஆண்டுகள் அரசாங்கமாகவே இருந்தவர் இப்படிச் சொல்வது கேட்போருக்கு வேடிக்கையாகப் படும். அவருக்கு அதில் வேடிக்கை இல்லை. சிமெண்டுக்கு அனுமதிச் சீட்டு வேண்டியிருந்த காலத்தில், ஒழுகும் கூரையைப் பூசுவதற்காக எட்டு மூட்டை கேட்டு ஒரு பள்ளி ஆசிரியர் மனுக் கொடுத்திருந்தார். கோப்பு ஏழு மேசைகளில் ஏறி இறங்கிற்று. எந்த மேசையும் தனக்குரிய கால வரம்பை மீறவில்லை. பதினான்காம் மாதம் அனுமதி கிடைத்தது. ஆசிரியர் நேரில் வந்து, சீட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூரை போன மழையிலேயே விழுந்துவிட்டது என்று சொல்லி, நன்றி கூறிப் போனார். அந்த நன்றியைத்தான் ரத்தினவேலால் இன்றளவும் ஜீரணிக்க முடியவில்லை.

ஆனாலும் அவர் எதையும் இடித்துத் தள்ளுகிறவரல்லர். "அரசாங்கமே வேண்டாம்னு சொல்றவன் நானில்லீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுன்னு சொல்றவன். அதையுங்கூட மரியாதையாத்தான் சொல்லோணும்" என்பார். அலுவலகத்தில் இருந்தவரை ஆண்டுக்கு ஒரு படிவத்தை ஒழித்தார். ஓய்வுக்குப் பின் அவருக்கு மிஞ்சிய அரசாங்கம் இந்த அடுக்ககம்தான். இதற்கு நாற்பத்துமூன்று விதிகள் இருந்தன. ஆண்டுக்கு ஒன்று என்று தொடங்கினார்.

முறை எப்போதும் ஒன்றே. முதலில், எடுக்க நினைக்கும் விதியின் பலகைமேல் பழைய காலண்டர் தாள் ஒன்றை ஒட்டுவார். தொண்ணூறு நாள் அந்த விதி உறங்கும். அந்நாள்களில் நடப்பனவற்றை 'சாதகம்', 'பாதகம்' என இரண்டு பத்திகள் கட்டிய நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். பிறகே பொதுக்குழுவில் தீர்மானம். அதன் பிறகே திருப்புளி. இரவு ஒன்பதுக்குமேல் விருந்தினர் வருவதற்குக் கடிதம் வேண்டும் என்ற விதியை உறங்கவைத்தபோது அவர் எழுதியது: 'ஒன்பதுக்குமேல் வந்தோர் பதினேழு பேர். திருடர் எவருமிலர். பதினாறு பேர் பீட்ஸா கொண்டுவந்தவர்கள். ஒருவர் வீடு மாறி வந்தவர்.' வாகனம் நிறுத்தும் விதியில் மட்டும் நான்காம் நாளே இரண்டு கார்கள் நசுங்கின. அன்று மாலையே தாளைத் தாமே கிழித்தெடுத்து, 'இவ்விதி தேவை' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

அவருடைய இந்தப் போக்கை முழுமூச்சாக எதிர்த்தவர் அதே படிக்கட்டில் முதல் மாடியிலிருந்த அச்சுதன். நாகர்கோவில்காரர், புள்ளிவிவரத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவர், இவரைப் போலவே மனைவியை இழந்தவர். மாலை ஆறு மணிக்குப் பால் பூத்துக்கு முன்னால் இருவரும் நின்று சண்டையிடுவார்கள்.

"அரசாங்கம் இல்லேன்னா நீரும் நானும் இந்த தில்லிக்கு வந்திருப்பமா வே? சோறு போட்ட கையில நகம் வெட்டச் சொல்லுதீரு."

"நகத்தைத்தானுங்க வெட்டச் சொல்றேன். கையை இல்லீங்களே."

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பரில் அச்சுதனுக்குச் சளி பிடித்தது. பார்க்கப்போன ரத்தினவேலிடம் கதவைப் பாதி திறந்து, "ரெண்டு நாளு என்னைச் சும்மா விடும் வே. உம்ம பிரசங்கம் கேக்க இப்பத் தெம்பில்ல" என்றார். ரத்தினவேல் விட்டுவிட்டார். மறுநாள் மாடியேறும்போது அச்சுதனின் கதவில் மாட்டிய கம்பிக்கூடையில் ஒரு பால் பாக்கெட் எடுக்கப்படாமல் இருந்தது. அதற்கு மறுநாள் இரண்டு இருந்தன. பார்த்தார். அவர் விருப்பம் என்று மேலே ஏறிப்போனார். மூன்றாம் நாள் கதவை உடைத்தார்கள்.

அந்த மாதமே அடுக்ககத்துக்கு நாற்பத்துநான்காவது விதி வந்தது. எழுபது வயதுக்கு மேல் தனியாக வசிப்போர் வீட்டில் காவலர் காலை ஏழரை மணிக்குள் மணியடிக்க வேண்டும். வீட்டுக்காரர் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். பத்து நிமிடத்தில் கதவு திறக்காவிடில் கமிட்டி தக்க நடவடிக்கை எடுக்கும். ஐந்து வீடுகளின் எண்களை எழுதிய தகரப் பலகை ஒன்று காவலர் அறையில் ஏறிற்று. அந்த விதியின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் ரத்தினவேல். வாழ்நாளில் அவர் போட்ட ஒரே விதி அது.

அன்று முதல் காலை ஏழு பத்துக்கு ஏ-12இன் மணி அடிக்கும். மொட்டைமாடித் தொட்டியின் வால்வைத் திறக்க ஏறும் காவலர் நேகி, வழியில் பதிவேட்டை நீட்டுவார். நேகி இமயமலைப் பக்கத்துக் கட்வாலி, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர், ஐம்பத்தெட்டு வயதிலும் முதுகு வளையாதவர். "சாப், டீக் ஹை?" என்று நலம் கேட்பார். "டீக் ஹை, நேகிஜி" என்று சொல்லி ரத்தினவேல் கையெழுத்திடுவார். இந்த ஒரு நிமிடத்துக்காக அவர் ஆறு மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்து, கதவுக்குப் பின்னாலுள்ள பிரம்பு நாற்காலியில் ஆறு ஐம்பதுக்கே அமர்ந்துவிடுவார். சில நாள்களில் அதன்பின் மறுநாள் ஏழு பத்து வரை அவர் யாரிடமும் வாய் திறந்து பேசியிருக்கமாட்டார்.

கடந்த கார்த்திகையன்று விவகாரம் வெடித்தது. மேல்மாடியில் தனியாக இருக்கும் கும்பகோணத்து மீனாக்ஷி மாமி, முதல் மெட்ரோவைப் பிடித்து மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போய்விட்டார். நேகி மணியடித்தார். பத்து நிமிடம் ஆயிற்று. விதிப்படி தச்சர் வந்தார். பூனேயிலிருந்த மாமியின் மகனுக்குத் தகவல் போயிற்று. ஒன்பது மணிக்கு விபூதியும் கையுமாகத் திரும்பிய மாமி, தம் கதவு சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். மாமி நேரே ஏ-12க்கு இறங்கி வந்தார்.

"என் அடுக்களையில பன்னெண்டு பேர் செருப்புக் காலோட நிக்கறா, ரத்தினவேல் சார்! பிள்ளையாண்டான் ஏர்போர்ட்ல உக்காந்துண்டு அழறான். நான் சுவாமி பார்க்கப் போறதுக்கு நேகிகிட்ட லீவு லெட்டர் குடுக்கணுமோ?"

"தப்புத்தானுங்க மாமி."

"வருஷத்துக்கு ஒண்ணு எடுக்கறேளே, இதை ஏன் எடுக்கலை? கொழந்தைகள் பந்து விளையாடற ரூல் போச்சு, வடாம் ஒணத்தற ரூல் போச்சு. ஒரு மனுஷி உயிரோட இருக்காளா இல்லையான்னு தெனம் வந்து பாக்கறது மாத்திரம் உங்க கண்ணுல படலையோ?"

மாமி போனபின் ரத்தினவேல் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார். விதிகளை, அவை மனிதரை எவ்வளவு நெருக்குகின்றன என்ற வரிசையில் அவரே அடுக்கி வைத்திருந்தார். அந்த வரிசைப்படி நாற்பத்துநான்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பென்சிலால் 'அடுத்த ஆண்டு பரிசீலிக்கலாம்' என்று எழுதியிருந்தார். தம்முடைய கையெழுத்துத்தான், சந்தேகமில்லை. ஆறு தடவை தம்மிடமே கோப்பை நகர்த்தாமல் வைத்திருந்திருக்கிறார். இம்முறையும் யாரும் கால வரம்பை மீறவில்லை.

ஜனவரி முதல் தேதி தகரப் பலகைமேல் காலண்டர் தாள் ஏறிற்று. மறுநாள் காலை ஏழு பத்துக்கு அவர் இஸ்திரிச் சட்டையோடு நாற்காலியில் இருந்தார். படியேறும் காலணிச் சத்தம் வந்தது. கதவைக் கடந்து மேலே போயிற்று. ஐந்து நிமிடம் கழித்துக் கீழே இறங்கிற்று. நோட்டில் அவர் 'நிகழ்வு இல்லை' என்று எழுதினார். மூன்றாம் நாள், 'நிகழ்வு இல்லை.' பத்தாம் நாள், 'நிகழ்வு இல்லை.' மாமி தினமும் காலையில் பஜனைக்குப் போகத் தொடங்கியதைச் சாதகப் பத்தியில் குறித்தார்.

இருபத்துமூன்றாம் நாள் பனிமூட்டம் கதவு வரை வந்திருந்தது. அன்று மாலை அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மறுநாள் எழ முடியவில்லை. கைபேசி முன்னறையில் இருந்தது; அது ஒலித்து ஒலித்து ஓய்ந்ததா அல்லது ஒலிக்கவேயில்லையா என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியவில்லை. இருபத்தைந்தாம் நாள் காலை காலணிச் சத்தம் வந்தது. அது அவர் கதவுக்கு வெளியே நின்றது. அந்தச் சத்தம் நின்றிருந்த அளவுக்கு அவரும் மூச்சை நிறுத்தியிருந்தார். பிறகு அது மேலே ஏறிப்போயிற்று. தம் கதவுக் கூடையில் இப்போது இரண்டு பாக்கெட்டுகள் இருக்கும் என்று கணக்கிட்டார். அச்சுதன் அந்த இரண்டாம் நாளில் உள்ளே எப்படிக் கிடந்திருப்பார் என்பதை ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக உள்ளிருந்து பார்த்தார்.

இருபத்தாறாம் நாள் கதவு இடிபட்டது.

"ரத்தினவேல் சார்! மூணு பால் தொங்கறது! இருக்கேளா இல்லையா? இருந்தா ஒரு கொரல் குடுங்கோ. இல்லேன்னா அந்தத் தச்சனைக் கூப்பிட்டுடுவேன், பாத்துக்கோங்கோ!"

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். மாமி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு மேலே போய் மிளகு ரசத்தோடு இறங்கிவந்தார். "எனக்கு ஒரு ரூலும் ஆர்டர் போடலை. பால் புளிச்சுப் போறதேன்னுதான் தட்டினேன்" என்று பாத்திரத்தை வைத்தார்.

உடல் தேறியபின் அவர் எழுதினார்: '24, 25: ஏ-12 வாசி காய்ச்சல். எவரும் அறியவில்லை. 26: காலை 6.50. விதி ஏதுமின்றிக் கதவு தட்டப்பட்டது.' இதைச் சாதகத்தில் எழுதுவதா, பாதகத்தில் எழுதுவதா என்று நெடுநேரம் யோசித்து, இரண்டு பத்திகளையும் பிரிக்கும் கோட்டின்மேலேயே எழுதினார். அந்த நோட்டில் கோட்டை மீறிய எழுத்து அது ஒன்றே.

பிறகு காவலர் அறைக்குச் சென்று நேகியிடம் கேட்டார்: பாலைப் பார்த்தும் ஏன் தட்டவில்லை? நேகி எழுந்து நின்றார். "ஆப் ஹீ நே தோ மனா கியா தா, சாப்." நீங்கள்தானே தடை செய்தீர்கள் என்றார். ரத்தினவேல் திகைத்துப்போனார். கட்டாயம் இல்லை என்றுதான் சொன்னேன், கூடாது என்று சொல்லவில்லையே என்று இந்தியில் விளக்கினார். நேகிக்கு அது விளங்கவில்லை. அவர் வாழ்நாளில் ஒரு காரியம் ஒன்று உத்தரவாக இருக்கும், அல்லது தடையாக இருக்கும். நடுவில் ஓர் இடம் இருப்பதாக அவரிடம் இதுவரை எவரும் கூறியதில்லை.

"அப்படியானால் தட்ட வேண்டுமா, வேண்டாமா, சாப்?" என்று இந்தியில் கேட்டார்.

"ஆப்கீ மர்ஸி." உங்கள் விருப்பம்.

"மேரீ மர்ஸி?" நேகி வாய்விட்டுச் சிரித்தார். ரத்தினவேல் பதவியில் இருந்தபோது கோடானுகோடிப் பேருக்குச் சேரவேண்டும் என்று கனவு கண்டிருந்த சொல் அது. கைக்கெட்டிய ஒரே மனிதருக்கு அது நல்ல நகைச்சுவையாகப் பட்டுவிட்டது.

மார்ச் நடுவில் மாமியைப் பூனேக்கு அழைத்துப்போக மகன் வந்தான். கதவு உடைந்த நாளிலிருந்து அவனுக்கு மனம் ஆறவில்லை. "ரெண்டு மாசம் இருந்துட்டு வந்துடுவேன். அந்த ரூலை எடுத்துடுங்கோ, மறந்துடாதேங்கோ" என்று மாமி சொல்லிப் போனார். மேல்மாடிக் கதவில் புதுப் பூட்டு தொங்குகிறது. அதைக் கடந்து ஏறி இறங்குபவர் நேகி ஒருவரே.

ஏப்ரலில் பொதுக்குழு கூடிற்று. ரத்தினவேல் தொண்ணூறு நாள் குறிப்பையும், தம் காய்ச்சல் உட்பட, ஒரு வரி விடாமல் படித்தார். செயலாளர் மகாதேவன் பொதுத்துறை நிறுவனமொன்றில் அதிகாரி, பொறுமைசாலி.

"சார், உங்களுக்கு ஃபீவர் வந்து ரெண்டு நாள் கெடந்ததை நீங்களே படிக்கறேள். படிச்சுட்டு ரூலையும் எடுக்கணும்கறேள். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

ரத்தினவேல் கண்ணாடியைக் கழற்றினார். "அச்சுதன் போனது ரூல் இல்லாததுனால இல்லீங்க. ரெண்டு பால் பாக்கெட்டைப் பாத்துட்டு நான் கதவைத் தட்டாம மேல போனேன். அது என்ற தப்பு. தட்டாதவன் அன்னைக்கு உக்காந்து ரூல் எழுதினேன், எனக்குப் பதிலா நேகி தட்டட்டும்னு. ஏழு வருஷமா அந்தக் கடனை மாமி கட்டிட்டு இருந்தாங்க. இனி போதுமுங்க."

மகாதேவன் மெல்ல, "சரி, வேணும்கறவா மட்டும் பேர் எழுதிக் குடுக்கட்டும். அவாத்துல மட்டும் நேகி பெல் அடிக்கட்டும்" என்றார். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறிற்று.

மறுநாள் காவலர் அறையில் ரத்தினவேல் மூன்று திருகாணிகளைக் கழற்றினார். நான்காவதன்முன் நின்று நேகியைப் பார்த்து ஆட்சேபணை உண்டா என்று இந்தியில் கேட்டார். நேகி தோளைக் குலுக்கினார். பத்து வரை எண்ணவேண்டியவர் அன்று எதுவரை எண்ணினாரோ தெரியாது, நேரம் அதிகமாயிற்று. பலகை கையோடு வந்தது. மேசைமேல் விருப்பமுள்ளோர் பெயரெழுதும் தாள் கிடந்தது. அதில் சி பிளாக்கைச் சேர்ந்த இருவர் எழுதியிருந்தார்கள். ரத்தினவேல் பேனாவைத் திறந்தார். எழுதினால் மணி அடிக்கும்; எழுதியதற்காக அடிக்கும். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

பால் ஆறு மணிக்கு வந்துவிடும். கூடை அசைந்து கதவில் முட்டும் ஓசை கேட்டதும் எடுத்துக் காய்ச்சிவிடுவது அவருடைய ஐம்பதாண்டுப் பழக்கம். இந்த மே மாதத்தில் சில நாளாக அவர் அதை எடுப்பதில்லை. குளித்துவிட்டு, இஸ்திரிச் சட்டை அணிந்து, காப்பியில்லாமல் பிரம்பு நாற்காலியில் அமர்கிறார். வெளியே கூடையில் பாக்கெட் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருக்கிறது. கடிகாரம் ஏழு பத்தைத் தொடுகிறது. கீழே படிக்கட்டில் காலணிச் சத்தம் எழுகிறது, முதல் மாடியைக் கடக்கிறது, நெருங்குகிறது. ரத்தினவேல் எழுந்து நின்று, சட்டையின் மேற்பொத்தானைப் போட்டுக்கொள்கிறார்.